புன்னை எண்ணெய் பாட்டில்

மரக்காணத்தில் உப்புப் பாத்தி குத்தகைக்கு எடுத்து நடத்துகிறேன். எனக்குக் கோபம் அதிகம்.

என்னிடம் வேலை செய்யும் அஞ்சலை, பாத்தியில் இறங்கும் முன் பாதத்தில் புன்னை எண்ணெய் தடவுவாள். எங்கள் கடலோரப் புன்னைமரம் அந்தக் காலத்தில் படகுக்குப் பலகையும் விளக்குக்கு எண்ணெயும் கொடுத்தது. உப்புநீர் அரித்த காலுக்கு இன்றும் அதன் கொட்டையை ஆட்டிய எண்ணெய்தான் மருந்து.

ஒருநாள் பாத்தி நீரில் எண்ணெய்ப் படலம் மிதந்தது. உப்பு பாழாகிறதே என்று கத்தினேன்.

"உன் கால் எண்ணெய்தான் இது! இனிமே தடவிட்டு இறங்கக் கூடாது!"

"கொஞ்சூண்டுதானுங்க தடவுறேன். அதுவா இவ்ளோ மிதக்கும்?" என்றாள்.

பாட்டிலைப் பிடுங்கி மண்ணில் கவிழ்த்தேன்.

மறுநாளிலிருந்து அவள் எண்ணெய் தடவாமல் இறங்கினாள். அந்த வாரமே பாதத்து வெடிப்பு பிளந்து, வாரிய உப்பில் சிவப்பு தெரிந்தது. சொல்லவே அசிங்கமாக இருக்கிறது. "ஏம்மா, உப்புல ரத்தம் படுது பாரு" என்றுதான் முதலில் சொன்னேன்.

அவள் நிமிர்ந்து தண்ணீரைக் காட்டினாள். "படலம் இன்னிக்கும் மிதக்குதே மொதலாளி. இது யாரு கால் எண்ணெய்ங்க?"

கூட உப்பு வாரிய மற்ற பெண்கள் சிரித்தார்கள். படலம் வந்த வழியே போய்ப் பார்த்தேன். என் பம்ப்செட் இன்ஜினிலிருந்து டீசல் ஒழுகி வாய்க்காலில் கலந்துகொண்டிருந்தது.

இன்ஜினை நிறுத்தினேன். அப்போதும் தப்பு என்னுடையது என்று சொல்லவில்லை. "எல்லாரும் வேலையப் பாருங்க" என்று அதட்டினேன். அஞ்சலை அந்தக் காலோடு மறுபடி குனிந்து உப்பு வாரினாள்.

ஒரு மனுஷி கால் பிளந்து நிற்கும்போது உப்பைப் பார்த்தவன் நான். இதை அவளிடம் சொல்லத் துணிவில்லாமல்தான் உங்களிடம் சொல்கிறேன்.