சேவியர் தேடிய ஐந்தாவது கியர்

பஸ்ஸில் உட்கார்ந்தால் என் கொழுந்தனார் சேவியரின் இடது கை சும்மா இருக்காது. டிரைவர் கியர் மாற்றுவதற்கு ஒரு நொடி முன்னால், மடியில் இருக்கும் பைக்கு அடியில் அந்தக் கை மாற்றிவிடும். நான் ராயப்பன்பட்டிக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பத்தொன்பது வருடமாக இதைப் பார்க்கிறேன். ஏலக்காய்த் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்பை அவர் ஓட்டிக்கொண்டிருந்தார். ஓய்ந்த நேரமெல்லாம் எங்கள் வீட்டுக் கொட்டகையில் எதையாவது பிரித்துப் போட்டிருப்பார்.

போன மார்கழியில், குமுளியில் தங்கும் விடுதி நடத்தும் பொன்னுராஜ் ஒரு பழைய அம்பாசடரைக் கொண்டுவந்து விட்டார். எஞ்சின் தேய்ந்துபோன வண்டி. அதில் மாட்டுவதற்கு, பிற்பாடு வந்த அம்பாசடரின் பெரிய பெட்ரோல் எஞ்சின் ஒன்றையும் டெம்போவில் அனுப்பியிருந்தார். எஞ்சின் மட்டும்தான், கியர்பாக்ஸ் இல்லை.

"இத நல்லபடியா ஓட வச்சுக் குடுங்க சேவியர். இன்னும் மூணு வண்டி கெடக்கு. எல்லாம் உங்களுக்குத்தான் கேட்டோ" என்று மலையாளம் கலந்து சொன்னார்.

மூன்று வண்டி வேலை வந்தால் ஜீப்பை விட்டுவிட்டுச் சொந்தமாக ஒர்க்‌ஷாப் போடலாம். அன்று சேவியர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், சாப்பிடவில்லை.

வண்டியில் இருந்த கியர்பாக்ஸ் இந்த எஞ்சினோடு சேராது. இரண்டும் முட்டும் இடத்தில் போல்ட் ஓட்டைகள் வேறு வேறு. பெரிய எஞ்சினின் இழுப்பை அதன் பற்கள் தாங்கவும் செய்யாது. வேறு என்ன போடுவது என்று அவர் யோசிக்கும்போதே, கூட ஜீப் ஓட்டும் சுருளியாண்டி வந்துவிட்டார்.

"ஏலே, இதுல யோசிக்க என்ன இருக்கு? ஜீப்பு பாக்ஸ மாட்டு. மெட்டு ஏறுனாத்தாண்டா வண்டி."

எங்கள் பக்கத்து வழக்கம் அது. எந்த வண்டிக்கு வேலை பார்த்தாலும், ஆள் நிறைய ஏற்றி மெட்டு என்று நாங்கள் சொல்லும் மலைப்பாதையில் விட்டுப் பார்ப்பார்கள். ஏறிவிட்டால் வேலை முடிந்தது.

சேவியரும் நடுவில் ஓர் இரும்புத் தகடு வெட்டி வைத்து ஜீப் கியர்பாக்ஸை மாட்டினார். பாரத்துக்காகத் தெருப் பெண்கள் நாலு பேரோடு என்னையும் ஏற்றினார்கள். மலையடிவாரத்து லோயர் கேம்ப் தாண்டி ஒவ்வொரு வளைவிலும் வண்டி மூச்சு வாங்காமல் ஏறியது. நாங்கள் குலவை போட்டோம்.

மறுநாள் பொன்னுராஜ் ஏறி உட்கார்ந்து, "தேனிப் பக்கம் விடுங்க" என்றார். சின்னமனூர் வரைக்கும்தான் போனார்கள். மலைக்கென்று செய்த ஜீப் பாக்ஸில் வேகம் கூடக் கூட எஞ்சின் கத்தும். திரும்பி வந்தபோது பொன்னுராஜ் காதைத் தேய்த்துக்கொண்டே இறங்கினார்.

"அறுபதுல போனா நான் பேசுறது எனக்கே கேக்கல. லாட்ஜுல தங்குற ஆளுக மதுர ஏர்போர்ட்ல இருந்து வாராக. மல கொஞ்சத் தூரம், சமதர நூறு கிலோமீட்டருக்கு மேல. இது கார் தோலப் போத்துன ஜீப்பு." பத்து நாள் தவணை சொல்லிவிட்டுப் போனார்.

சுருளியாண்டி தலையைச் சொறிந்தார். சேவியர் அவரைத் திட்டவில்லை. "நானும் மெட்டத்தானப்பா பாத்தேன். அவுக எங்கிட்டிருந்து வாராகன்னு ஒரு வார்த்த கேக்கலயே" என்றார்.

அன்று மத்தியானமே ஜீப் பாக்ஸைக் கழற்றிவிட்டார். எஞ்சினின் பின்முகத்தில் கிரீஸ் தடவி, காலண்டர் அட்டையை அழுத்தி, ஓட்டைகளை அச்செடுத்தார். கிளட்ச் பிளேட்டையும் கழற்றி மஞ்சள் பையில் போட்டுக்கொண்டார்.

"மதினி, இந்த அட்டைக்கும் பிளேட்டுக்கும் எது ஒத்துப்போகுதோ அதுதான் நம்ம பாக்ஸு."

ஆறு நாள் ஆண்டிபட்டி, உசிலம்பட்டி என்று பழைய இரும்புக் கடைகளில் அலைந்தார். ஒன்றில் ஓட்டை சேர்ந்தால் கிளட்ச் பிளேட்டின் பல் சேரவில்லை. ஏழாம் நாள், தேவதானப்பட்டியில் ஒரு மாந்தோப்பில் எஞ்சின் இல்லாத கார் கிடப்பதாகச் சேதி வந்தது. அட்டையைப் பிடிக்க ஆள் வேண்டும் என்று என்னையும் கூட்டிப்போனார்.

எஞ்சின் இருந்த குழிக்குள் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. சேவியர் அதன் கொத்தை வாங்கிக்கொண்டு உள்ளே குனிந்தார். நான் கியர்பாக்ஸின் முகத்தில் அட்டையை வைத்துப் பிடித்தேன். எல்லா ஓட்டையும் நேருக்கு நேர் நின்றன. அவர் கிளட்ச் பிளேட்டை எடுத்து, கியர்பாக்ஸிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த தண்டில் வைத்தார். ஆட்டமில்லாமல் அது உள்ளே வழுக்கிப்போய் உட்கார்ந்தது.

கார் கியர் கம்பியின் தலையைத் துடைத்துப் பார்த்து, "மதினி! அஞ்சு கியரு! அஞ்சு!" என்று கத்தியவர், முன்பின் தெரியாத தோப்புக்காரரைக் கட்டிப்பிடித்தார். அவர் வேட்டியெல்லாம் கிரீஸ்.

அந்த பாக்ஸ் பழையதைவிட ஒரு சாண் நீளம். அதனால் பின்சக்கரத்துக்குப் போகும் தண்டைத் தேனி லேத்தில் கொடுத்துக் குறைத்தார். ஸ்டீயரிங்கில் இருந்த கியர் கம்பியை எடுத்துவிட்டு, புதிய கம்பி நீட்ட வண்டியின் தரையில் ஓட்டை வெட்டினார்.

"ஏலே, அஞ்சு கியரப் போட ஒனக்குக் கை பத்துமா?" என்று கேட்டுக்கொண்டே சுருளியாண்டி விளக்குப் பிடித்தார்.

பத்தாம் நாள் முன்னால் பொன்னுராஜ், பின்னால் நானும் சுருளியாண்டியும். மெட்டை இரண்டாம் கியரிலும் மூன்றாம் கியரிலுமாக ஏறி இறங்கினோம். கம்பம் தாண்டி நேர் ரோட்டில் சேவியர் ஐந்தைப் போட்டார். சத்தம் அப்படியே அடங்கியது. முள் எழுபதில் நின்றது. அப்போது பொன்னுராஜுக்குப் போன் வந்தது. மலையாளத்தில், சாதாரணக் குரலில், சின்னமனூர் வரும்வரை பேசினார்.

போனைப் பையில் போட்டவர், "மத்த மூணயும் எப்ப அனுப்பட்டும்?" என்றார். சுருளியாண்டி அடித்த விசிலில் ரோட்டோரம் நின்ற ஆடுகள் சிதறி ஓடின.

இப்போது சேவியர் ஜீப் ஓட்டுவதில்லை. உத்தமபாளையம் ரோட்டில் தகரம் போட்ட ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறார். அந்த மூன்றில் ஒரு வண்டி முடிந்து குமுளிக்குப் போய்விட்டது, ஒன்று வேலையில் இருக்கிறது. கடைசி வண்டிக்குத்தான் கியர்பாக்ஸ் இன்னும் கிடைக்கவில்லை.