பிறைக் கணக்கில் தொலைந்த மூன்று நாள்

"பிறைக் கணக்குலதானேம்மா நாள் பாத்தீங்க?" என்று அந்த அம்மாள் கேட்டது இன்னும் என் காதில் இருக்கிறது. மகனுடைய சவுதி டிக்கெட்டை வாங்கிப் போக உறையூரிலிருந்து எங்கள் அலுவலகத்துக்கு வந்திருந்தார். மறுநாள் பக்ரீத். வீட்டில் வேலை கிடக்கிறது என்று உட்காராமல் நின்றபடியே பேசினார். எந்தக் கணக்கு என்று கேட்டேன். "அந்த ஊர் விசாவுல ஆறு மாசம்னு எழுதினா அது நம்ம ஜனவரி, பிப்ரவரி இல்லம்மா. பிறை பாக்குற மாசம், சின்ன மாசம். ஆறு மாசத்துக்கு நாலஞ்சு நாள் கொறஞ்சிடும்" என்றார். அவர் மகன் வந்திருந்தது ஒரு மாத விடுப்பில்தான், அதனால் அவர்களுக்குக் கவலையில்லை. டிக்கெட்டைப் பையில் வைத்துக்கொண்டு, வரேம்மா என்று படியிறங்கிவிட்டார். என் நினைவுக்கு வந்தவர் வெள்ளறை அண்ணன்.

திருச்சி கன்டோன்மென்ட்டில் ஒரு மாடியில் இயங்கிய சிறிய டிராவல்ஸ் அலுவலகம் அது. ஸ்ரீரங்கத்திலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வந்தேன். சேர்ந்து மூன்றாவது வருடம். விடுமுறைகளைக் கோத்துப் பயணம் போட்டுக் கொடுப்பதில் எனக்குக் கொஞ்சம் பெயர் உண்டு. சீனப் புத்தாண்டுக்குச் சிங்கப்பூரில் எத்தனை நாள் கடை அடைப்பார்கள், மலேசியாவில் எந்த மாநிலத்துக்கு என்றைக்கு விடுமுறை, வளைகுடாவில் எந்த நாளில் விசா அலுவலகம் திறக்காது என்பதெல்லாம் மனப்பாடம். வைகுண்ட ஏகாதசிக்கு எங்கள் மாவட்டம் மட்டும் விடுமுறை விடுவதை டெல்லிக்காரர்களுக்குப் புரியவைப்பதும் என் வேலைதான். வருகிறவர்கள், "நீங்களே பாத்துப் போடுங்க மேடம்" என்று பாஸ்போர்ட்டை மேஜையில் வைத்துவிட்டுப் போவார்கள். அந்த வார்த்தை எனக்குப் பிடித்திருந்தது.

திருவெள்ளறைக்காரர் என்பதால் அலுவலகத்தில் அவரை வெள்ளறை அண்ணன் என்போம். சவுதியில் ஏசி மெக்கானிக். மூத்த மகள் பிறந்ததை அவர் போனில்தான் பார்த்தார். இரண்டாவது பிரசவத்தில் மனைவிக்குச் சிக்கல் இருக்கும் என்று டாக்டர் சொன்னதும், இந்த முறை பக்கத்தில் இருந்தே தீர்வது என்று முதலாளியிடம் மன்றாடி ஆறு மாத விடுப்பு வாங்கி வந்திருந்தார். ஆறு மாதத்துக்குள் திரும்பி அந்த நாட்டுக்குள் நுழைய வேண்டும், தவறினால் வேலையும் இல்லை, விசாவும் இல்லை. பக்ரீத்துக்காக அவருடைய கம்பெனி பத்து நாள் மூடியிருந்தது. விடுமுறை முடிகிற நாளில் போய் இறங்குகிற மாதிரி, கெடு தீர ஒரு நாள் இருக்க, நான் டிக்கெட் போட்டுக் கொடுத்தேன். ஒரு நாளும் வீணாகவில்லை என்று அவரிடம் பெருமையாகச் சொன்னதும் நினைவிருக்கிறது. அந்தப் பயணத்துக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது.

அவருடைய விசாத் தாளின் நகலை எடுத்துப் பார்த்தேன். திரும்ப வேண்டிய தேதி அரபி எழுத்தில், அவர்கள் மாதப்படி இருந்தது. நான் அதைப் படிக்கவே இல்லை. ஆறு மாதம் என்ற சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு நம் காலண்டரில் எண்ணியிருக்கிறேன். கம்ப்யூட்டரில் போட்டு மாற்றினேன். இன்று என்று வந்தது. மறுபடியும் போட்டேன். இன்றேதான்.

மணி பத்தேகால். அங்கே அன்றைக்கே பெருநாள். கெடுவை நீட்டித் தர வேண்டிய அவருடைய முதலாளி குடும்பத்தோடு வெளிநாடு போயிருந்தார், போன் எடுக்கவில்லை. அலுவலகங்கள் எல்லாம் மூடிக் கிடந்தன. எங்கள் முதலாளியும் பெருநாள் வேலையாக ஊருக்குப் போயிருந்தார். கொழும்பு வழியாக மூன்றரை மணிக்கு ஒரு விமானம் இருந்தது. அதைப் பிடித்தால் நாள் முடிவதற்குள் அங்கே இறங்கிவிடலாம். ஓர் இடத்தைப் பதிவு செய்துவிட்டு அண்ணனைக் கூப்பிட்டேன். அவருடைய அம்மா எடுத்தார்.

"சமயபுரம் போயிருக்காங்கம்மா. பச்சப்புள்ளயக் கொண்டுபோய் ஆத்தா முன்னாடி காட்டணும்னு. போனச் சார்ஜுல போட்டுட்டுப் போயிட்டான்."

மருமகளின் போனும் அணைந்திருந்தது. பாஸ்போர்ட்டையும் இரண்டு செட் துணியையும் எடுத்து வைக்கச் சொன்னேன். அந்த அம்மா ஏன் என்று கேட்டதற்கு, வந்து சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். கீழே இறங்கி ஒரு கால் டாக்சியைப் பிடித்தேன்.

கொள்ளிடம் பாலத்தில் வண்டிகள் நகராமல் நின்றன. அவரிடம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே போனேன். சமயபுரத்தில் கூட்டம் வேறு. பூக்கடை வரிசை, பொங்கல் வைக்கும் இடம், தேங்காய் உடைக்கும் இடம் என்று இரண்டு முறை சுற்றினேன். அடர்ந்த சுருட்டை முடிக்காரர் அவர், அந்த முடியைத்தான் தேடினேன். கடைசியில் அவர்தான் என்னைக் கண்டுபிடித்தார். "மேடம், நீங்க எங்க இங்க?" என்று முன்னால் வந்து நின்றவர் தலை மழித்துச் சந்தனம் பூசியிருந்தார். பிரசவம் நல்லபடியாக முடிந்ததற்கு வேண்டுதல். பக்கத்தில் நாற்பது நாள் குழந்தையோடு மனைவி, மனைவியின் அம்மா.

சொன்னேன். சுற்றி வளைக்காமல், என் தப்பு என்றுதான் சொன்னேன். அவர் சந்தனத் தலையோடு என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார். மாமியார்தான் சத்தம் போட்டார். "படிச்சவங்கதானே நீங்க? ஒரு தேதி பாக்கத் தெரியாதா? நாள மறுநாள் புள்ளைக்குப் பேர் வைக்கணும், சொந்தக்காரங்களுக்கெல்லாம் சொல்லியாச்சு!"

"அத்தே, விடுங்க. அவங்க நெனச்சிருந்தா போன்ல சொல்லிட்டு விட்டிருக்கலாம். தேடி வந்திருக்காங்க" என்றார் அண்ணன். பிறகு என்னிடம், "எத்தன மணிக்குள்ள ஏர்போர்ட்ல இருக்கணும்?" என்று மட்டும் கேட்டார். இரண்டு மணிக்குள் என்றேன். அவர் குழந்தையை வாங்கிக்கொண்டு வெயில் படாத ஒரு தூண் ஓரமாகப் போனார். அதன் காதில் மூன்று முறை எதையோ சொன்னார். மனைவி அழுதுகொண்டே சிரிக்கப் பார்த்தார். அங்கேயே பெயர் வைத்து முடித்துவிட்டார்கள்.

எல்லோரும் அதே காரில் திருவெள்ளறைக்குப் போனோம். பத்து நிமிடத்தில் சட்டை மாற்றிக்கொண்டு பையோடு வந்துவிட்டார். கார் கிளம்பியதும் மனைவி இருந்த பக்கம் அவர் திரும்பவில்லை. ஊரைத் தாண்டும் இடத்தில் பள்ளிக்கூடம். எட்டு வயது மூத்த மகள் அங்கேதான் இருந்தாள். பள்ளி திறந்து முதல் வாரம். மதிய உணவு நேரம் போலிருக்கிறது, மைதானத்தில் நீல யூனிஃபார்ம்கள் ஓடிக்கொண்டிருந்தன.

"நிறுத்தச் சொல்லவா அண்ணே? ரெண்டு நிமிஷம்தான்" என்றேன்.

"சாயங்காலம் நான்தான் வந்து கூட்டிட்டுப் போவேன்னு சொல்லி விட்டுட்டு வந்தேன்" என்றார். "இப்பப் பாத்தா கையப் பிடிச்சுக்குவா. அப்புறம் என்னால ஏற முடியாது. போகச் சொல்லுங்க."

கேட் கடந்து போகும்வரை அவர் தன் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தார். விமான நிலையத்தில், மழித்த தலையையும் பாஸ்போர்ட் படத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்த வாசல் காவலர் எதையோ கேட்க, அவர் தலையைத் தொட்டுச் சமயபுரம் இருக்கும் பக்கம் கைகாட்டியதைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். அவர் உள்ளே மறைந்த பின்னும் போகத் தோன்றாமல் அங்கேயே நின்றேன்.

மறுநாள் விடிந்து போனைப் பார்த்தபோது அவரிடமிருந்து ஒரு வரி வந்திருந்தது. "உள்ளே விட்டுட்டாங்க. ஒரு மணி நேரம்தான் பாக்கி இருந்துச்சு." படுக்கையில் உட்கார்ந்தபடியே அழுதேன். பெருநாள் முடிந்து வந்த முதலாளியிடம் நடந்ததை நானே சொன்னேன். அவர் திட்டவில்லை. இனி எந்தத் தேதியையும் இரண்டு பேர் பார்க்க வேண்டும் என்றார், அவ்வளவுதான். வெள்ளறை அண்ணன் யாரிடமும் என்னைப் பற்றிக் குறை சொல்லவில்லை என்று பின்னால் தெரிந்தது. ஆனால் அந்தச் சாயங்காலம் மூத்தவள் பள்ளி வாசலில் எல்லாப் பிள்ளைகளும் போகும்வரை உட்கார்ந்திருந்தாள் என்றும், பாட்டி போய்க் கூப்பிட்டும் வர மறுத்தாள் என்றும், ஒரு மாதத்துக்குமேல் அப்பாவோடு போனில் பேசவில்லை என்றும் அவர் மனைவி ஒருமுறை சொன்னார். என் மீது கோபம் இருந்த மாதிரிகூட அவர் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

அவர் அடுத்து விடுப்பில் வந்தது இரண்டு வருடம் கழித்து. திரும்பிப் போக டிக்கெட் போட அலுவலகத்துக்கு வந்தபோது மூத்தவளையும் அழைத்து வந்திருந்தார். வேறு யாரிடமாவது போயிருக்கலாம், என்னிடமே வந்தார். நான் அரபித் தேதியைப் படித்து, மாற்றி, பக்கத்து மேஜைக்காரரையும் பார்க்கச் சொல்லி, விடுமுறைகளைச் சரிபார்த்து, ஒரு வெள்ளிக்கிழமையைச் சொன்னேன். அவர் தலையாட்டினார். பத்து வயதுப் பெண் என்னை நேராகப் பார்த்தாள். நான் யாரென்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

"அன்னிக்கு எனக்கு ஸ்கூல் உண்டா?" என்று கேட்டாள்.

எத்தனையோ நாடுகளின் விடுமுறைகளை எழுதி வைத்திருந்தவள் அதை மட்டும் பார்த்திருக்கவில்லை. வெள்ளிக்கிழமை, பள்ளிக்கூடம் உண்டுதான். அண்ணனைப் பார்த்தேன். அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்த டிக்கெட்டை விட்டுவிட்டு மறுபடியும் தேடினேன். முதலாளி வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

"அதுக்கு முந்தின ஞாயித்துக்கிழமை" என்றேன். "கெடுவுக்கு ஏழு நாள் முன்னாடி. பரவாயில்லையா அண்ணே?"

அவர் பதில் சொல்வதற்குள் அவள் சொன்னாள்: "பரவாயில்ல. நானும் ஏர்போர்ட் வருவேன்."