மஞ்சள் பட்ட பாசி

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன், எழுத்துப் பிழையும் நிறைய வரும். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். வாயால் சொல்லச் சொன்னால் பாதியில் நின்றுவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன்.

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே, மலையடியில் உள்ள ஒரு மாந்தோப்புக்கு நான் காவல். நானும் மனைவியும் தோப்பிலேயே குடியிருக்கிறோம். தோப்பின் மேல் எல்லையில் ஓடை. அதை ஒட்டிய பாறையில் கோடையிலும் நீர் கசியும். அந்த ஈரத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பாசி படர்ந்திருந்தது. கால் வழுக்கும் என்பதைத் தவிர அதைப் பற்றி நான் ஒன்றும் நினைத்ததில்லை.

ராஜபாளையத்துக் கல்லூரியில் செடிகொடிப் பாடம் நடத்தும் மேடம் ஒருவர், முதலாளியிடம் கேட்டுக்கொண்டு தோப்புக்கு வந்தார். பாறையின் முன் மண்டியிட்டு, லென்ஸை வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"அண்ணே, இத மேல் மலையில, குளிர்ந்த சோலைக்குள்ளதான் பாத்திருக்காங்க. அங்கயே இப்ப அருகிப் போச்சு. இம்புட்டுக் கீழ எப்படி வந்துச்சுன்னே தெரியல."

நகக்கண் அளவு கிள்ளி, தாளில் மடித்து எடுத்துப் போனார். சில வாரம் கழித்து போன் செய்தார். அதே பாசிதானாம். "யாரும் தொடாம பாத்துக்கங்கண்ணே" என்றார்.

அன்று சாப்பிடும்போது மனைவியிடம் சொன்னேன். அவள் களையெடுக்க வரும் பெண்களிடம் சொன்னாள். ஆவணி வந்தும் மழை இல்லை, தோப்புக் கிணறு அடி தெரிந்தது. சுற்றிலும் எல்லாம் காய்ந்து கிடக்க, இது ஒன்று மட்டும் பச்சையாக இருக்கிறது. அபூர்வம் என்று படித்தவர்களே சொல்கிறார்கள். அந்தப் பெண்களுக்கு அது போதும்.

அடுத்த வெள்ளிக்கிழமை நான் மேலே போனபோது பாசி முழுக்க மஞ்சள் அப்பியிருந்தது. குங்குமம் வேறு. நடுவில் சூடம் எரிந்த கரி.

ஓடைக் குழியில் தேங்கிக் கிடந்த கொஞ்சத் தண்ணீரை உள்ளங்கையில் அள்ளி அள்ளிக் கழுவினேன். பின்னால் வளையல் சத்தம். திரும்பினால் களையெடுக்கும் பெண்கள். அவர்களில் மூத்தவர், முறைக்கு எனக்கு மதினி, முன்னால் நின்றார்.

"என்ன கொழுந்தனாரே, ஆத்தாவ நீங்க குளிப்பாட்டுதீயளோ?"

"இல்ல மதினி... மஞ்ச அதுக்கு ஆவாது."

"பிள்ள பெத்தவளுக்கு ஆவும், அம்ம போட்ட உடம்புக்கு ஆவும், இதுக்கு மட்டும் ஆவாதோ? ஏட்டி, இவிய வாயத் தொறக்கதே அதிசயம். தொறந்ததும் என்ன பேச்சுப் பேசுதாவ பாத்தியளா!"

எல்லாரும் சிரித்தார்கள். கூட்டத்தின் கடைசியில் என் மனைவியும் மஞ்சள் பொட்டலத்தோடு நின்றாள்.

ஓடையில் கிடந்த ஓர் உருண்டைக் கல்லைத் தூக்கிக் கீழே நாவல் மரத்தடியில் வைத்தேன். "இங்க வைங்க" என்றேன். அதற்கு மேல் பேச்சு வரவில்லை. யாரும் அசையவில்லை. அப்போது மனைவி இறங்கி வந்து அந்தக் கல்லுக்கு மஞ்சள் பூசினாள்.

"கோயில்ல மூலவரத் தொட்டா கும்பிடுதோம் அக்கா? தள்ளி நின்னுதான கும்பிடுதோம்" என்றாள்.

மதினி யோசித்தார். "அதுவும் சரிதான்" என்று கல் முன்னால் உட்கார்ந்தார்.

புரட்டாசியில் மேடம் மறுபடி வந்தார். நடந்ததைச் சொன்னேன். கோபப்படுவார் என்று பயந்தேன், படவில்லை. "நடுவுல செத்துப் போச்சுண்ணே. ஓரத்துல உயிர் இருக்கு. பிழைக்குமான்னு இப்பச் சொல்ல முடியாது."

அவர் போன பிறகு அங்கேயே உட்கார்ந்திருந்தேன். தெரியாதபோது மிதித்தோம். தெரிந்ததும் மஞ்சள் பூசினோம். ஒன்றும் செய்யாமல் சும்மா விடுவது எங்களுக்குத் தெரிந்த மரியாதைகளில் இல்லை. அந்தப் பெண்கள் மேலும் எனக்குக் கோபம் வரவில்லை. தண்ணீருக்காகத்தானே வந்தார்கள்.

இன்று காலை மதினி கல்லுக்கு மஞ்சள் வைத்துவிட்டு மேலே ஏறி வந்தார். கைகள் இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு பாறையைக் குனிந்து பார்த்தார்.

"நடுவுல பச்ச கட்டுதா கொழுந்தனாரே?"

"இன்னும் இல்ல மதினி."

"கட்டட்டும், கட்டட்டும். அதுக்கு என்ன அவசரம்" என்று சொல்லிவிட்டு, பாறையில் கால் படாமல் சுற்றி இறங்கிப் போனார்.

ஐப்பசி 22, வெள்ளிக்கிழமை.