கருந்துளைக்குள் ஒரு கேள்வி

கம்பத்தில் எந்தப் பொதுச் சொற்பொழிவு நடந்தாலும் ஏலக்காய் வியாபாரி ஒருவர் முன்வரிசையில் இருப்பார். வெள்ளைத் தொப்பி, தடித்த கண்ணாடி. பேச்சு முடிந்ததும் ஓர் ஏலக்காயை வாயில் போட்டுக்கொண்டு எழுந்து கேள்வி கேட்பார். தேனீக்களைப் பற்றிப் பேச வந்த பேராசிரியரிடம், "ராணித் தேனீக்கு மாமியா உண்டுங்களா?" என்று கேட்டவர்.

அன்று கருந்துளைகளைப் பற்றிப் பேச இருந்தவள் என் மகள். முந்தைய மாதம்தான் கல்லூரி மேடையில் பேச்சு மறந்துபோய் அழுதுகொண்டே இறங்கியிருந்தாள். அந்த நடுக்கம் அவளைவிட எனக்குத்தான் தீரவில்லை. கூட்டம் தொடங்குமுன் அவரிடம் போய், "பாய், இன்னைக்கு மட்டும் எதுவும் கேக்காதீக" என்று கெஞ்சினேன்.

"கேக்காமப் போனா பேசுனவுகளுக்கு என்ன மரியாதை, தங்கச்சி?" என்றார். ஆனாலும் தலையாட்டினார்.

மகள் தடுமாறாமல் பேசி முடித்து, "கேள்வி இருக்கா?" என்றாள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவள் பார்வை அவரிடமே போய் நின்றது. அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் முகம் வாடத் தொடங்கியது. அவருக்கு நேர் பின்னால் உட்கார்ந்திருந்த நானே அவர் நாற்காலியைத் தட்டினேன்.

"எதையாவது கேளுக பாய்!"

சட்டென்று எழுந்தார். "உள்ள போன வெளிச்சம் அங்கன என்னம்மா செய்யுது?"

"தெரியாது மாமா. இன்னும் யாருக்குமே சரியாத் தெரியாது."

"அப்படியா? எனக்கு மட்டுந்தான் வெளங்கலையோன்னு பயந்துட்டேன்."

அரங்கமே சிரித்தது. அவளும் சிரித்தாள்.

வெளியே வந்ததும் நன்றி சொன்னேன். "நீ சொன்னேன்னுதான் ஒண்ணோட நிறுத்துனேன். மிச்சத்துக்கு அடுத்த கூட்டத்துல பிள்ளையப் பேசச் சொல்லு" என்றார்.

பாராட்டினாரா, பயமுறுத்தினாரா என்பது இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.