மெஹர் எழுந்துகொள்ளும் இடம்

"அம்மா போயிட்டாவ, பெரியம்மா. விடியக்காலையில" என்று தொலைபேசியில் மெஹரின் மகள் சொன்னாள். மெஹரை அறிந்த நம் தெருக்காரர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். இரங்கல் சுவரொட்டியில் 'வடநாட்டு அம்மாள்' என்று போட்டிருந்தார்களாம். கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கல்யாணமாகி வந்து, இந்த ஊர்த் தண்ணீரைக் குடித்தே கிழவியானவளை இன்னும் எந்த நாட்டில் கொண்டுபோய் வைப்பார்களாம்?

பட்டாளத்து வேலுச்சாமி அண்ணாச்சி லக்னோவிலிருந்து அவளைக் கூட்டிவந்தபோது நான் தென்காசியில் பள்ளிக்கூட வேலைக்குச் சேர்ந்த புதிது. அவர்கள் எனக்குப் பக்கத்து வீடு. அவளுடைய அப்பா அங்கே உருது வாத்தியார். வேற்று மதத்துச் சிப்பாயைக் கட்டிக்கொண்டால் இந்த வாசலை மிதிக்காதே என்று சொல்லிவிட்டார். இவள் கட்டிக்கொண்டாள். விடுப்பு முடிந்து அண்ணாச்சி போய்விட, பேச்சுத்துணைக்கு ஆளில்லாமல் கிடந்தாள். சாரலில் துணி காயவில்லை என்று அவள் அழுத அழுகை இருக்கிறதே! "ஏட்டி, சீசன்ல ஊரே ஈரத்துணியத்தான் கெட்டிக்கிடுது" என்று எதிர்வீட்டுக் கோமதி மதினி தேற்றினாள். அது புரியாமல் அதற்கும் சேர்த்து அழுதாள்.

அந்தச் சீசனில்தான் தென்காசித் தியேட்டருக்கு ஓர் உருதுப் படம் வந்தது. குற்றாலத்தில் குளிக்க வரும் வடக்கத்தியாருக்காகப் போட்டது என்றார்கள். அப்பாவை எதிர்த்துக்கொண்டு ஒரு கவிஞனோடு போய்விடும் பெண்ணின் கதை. மூச்சு விட்டால் பாட்டு. மத்தியான ஆட்டத்துக்கு மெஹரையும் இழுத்துக்கொண்டு போனோம். பெண்கள் பக்கத்தில் ஒருத்திக்கும் ஒரு சொல் விளங்கவில்லை.

"மேகரு, அவன் என்னட்டீ சொல்லுதான்?" என்றாள் மதினி.

மெஹர் தயங்கினாள். பிறகு மெல்ல, "அவன்... நிலா வேண்டாம் சொல்லுதான். நீ போதும் சொல்லுதான்."

"அடி சக்கை! எங்க வீட்டுலயும் ஒண்ணு இருக்கே, கொழம்பு போதும்னுகூட வாயத் தொறந்து சொல்லாது!"

சிரிப்பில் பெஞ்சே ஆடியது. அவள் வாயிலிருந்து நாங்கள் கேட்ட முதல் தமிழ் அதுதான். அதற்குப் பிறகு பெண்கள் பக்கம் முழுவதும் படத்தைக் கண்ணால் பார்த்தது, கதையை மெஹரிடம் கேட்டது.

கடைசியில் அந்தப் பெண் மழையில் நனைந்தபடி அப்பா வீட்டுக் கதவைத் தட்டுகிறாள். சட்டென்று மெஹர் எழுந்துகொண்டாள். "பால் அடுப்புல" என்றாள். சேர்ந்து போன பெண்கள் சேர்ந்துதான் திரும்ப வேண்டும் என்பது அன்றைக்குச் சட்டம். முணுமுணுத்துக்கொண்டே எல்லோரும் எழுந்தோம்.

அடுத்தடுத்த சீசன்களிலும் அந்தப் படம் வந்தது. நாங்களும் போனோம். அதே இடத்தில் அவள் எழுந்துகொள்வாள், அதே பால். "இவ வீட்டுப் பால் மட்டும் வருசக்கணக்கா பொங்குதே" என்று மதினி நொடிப்பாள். எங்கள் தெருவில் ஒருத்திக்கும் அந்தப் படத்தின் முடிவு தெரியாது. அப்பன் அருவாளோடுதான் கதவைத் திறப்பான் என்பது மதினியின் கட்சி.

ஒருநாள் ஐந்தருவியில் குளித்துவிட்டுத் தலை துவட்டும்போது கேட்டேன். "எனக்கு மட்டும் சொல்லுட்டீ. முடிவு என்ன?"

"தெரியாது டீச்சர். நான் பாத்ததே இல்ல." ஈரத்துண்டைப் பிழிந்துகொண்டே இருந்தாள். "அவரு அந்தப் பொண்ண உள்ள கூப்பிட்டாலும் எனக்குத் தாங்காது. கூப்பிடாட்டியும் தாங்காது."

அறுபதுகளில் ஒரு மழைக்காலத்தில் லக்னோவில் இருந்த அவள் அண்ணனிடமிருந்து தந்தி வந்தது. அப்பா படுக்கையில் இருக்கிறார், உன்னைக் கேட்கிறார். வேலுச்சாமி அண்ணாச்சி எல்லையில் இருந்ததால் நான்தான் அவளை ரயிலேற்றிவிட்டேன். மறுநாள் காலையில் பெட்டியோடு சுரண்டை பஸ்ஸில் வந்து இறங்குகிறாள்! பக்கத்தில் இருக்கும் சங்கரன்கோவிலிலேயே ரயிலைவிட்டு இறங்கிவிட்டாளாம்.

"ஒனக்கென்ன கிறுக்கா பிடிச்சிருக்கு?" என்று நடுத்தெருவில் வைத்துக் கத்தினேன்.

"கதவத் தொறக்காட்டி?"

"ஒன்னயக் கேக்காருன்னுதானட்டீ தந்தியே வந்திருக்கு!"

"தந்தி அண்ணன் அடிச்சது டீச்சர். அப்பா கேட்டாரோ என்னவோ, யார் கண்டா?"

அப்பா போய்விட்டார் என்று அந்த வாரமே அடுத்த தந்தி வந்துவிட்டது. வாசலில் சத்தம் கேட்கும்போதெல்லாம் "மெஹரா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாராம். அண்ணன் பின்னால் சொன்ன இதை என்னிடம் சொன்னபோது அவள் அழவில்லை. துணி காயவில்லை என்று அழுதவள் இதற்கு அழவில்லையே என்பதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

அடுத்த சீசனில் அந்தப் படம் மறுபடி வந்தபோது யாரும் அவளைக் கூப்பிடத் துணியவில்லை. அவளே வந்து எங்களைக் கிளப்பினாள். திரையில் அந்தப் பெண் கதவைத் தட்டியதும் பழக்கதோஷத்தில் நாங்கள் எல்லோரும் எழுந்துவிட்டோம். மெஹர் என் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

"உக்காரு டீச்சர். பால் இல்ல."

கதவு திறந்தது. நான் திரையைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்தேன். பெண்கள் பக்கமே அவள் வாயைப் பார்த்துக் காத்திருந்தது. "'ரொம்ப நேரமாயிட்டே மகளே. நனைஞ்சிட்டியே. உள்ள வா, சாப்பிடு' சொல்லுதார்" என்றாள். மதினி முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு தேம்பினாள். "பாவி மனுசன், இத முன்னாலயே சொல்லித் தொலச்சா என்ன!" அன்றைக்குத்தான் மெஹரும் அழுதாள்.

வெகுகாலம் கழித்து என் மகள் வீட்டுத் தொலைக்காட்சியில் அந்தப் படத்தைப் போட்டார்கள். அப்பா கதவைத் திறக்கிறார். விளக்கை உயர்த்தி மகளைப் பார்க்கிறார், வழிவிட்டு நிற்கிறார். வாயே திறக்கவில்லை. பின்னால் பாட்டு மட்டும் ஓடுகிறது. இதைப் பற்றி மெஹரிடம் நான் கேட்டதில்லை. கேட்டு என்ன ஆகப்போகிறது?

இப்போது வெளியூரில் இருக்கும் நான் பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது அடக்கம் முடிந்துவிட்டது. சாரல் வேறு. நனைந்த சேலையோடு அவள் வாசலில் நின்றேன். எவ்வளவு தாமதமாகப் போனாலும் "ரொம்ப நேரமாயிட்டே டீச்சர், உள்ள வா, சாப்பிடு" என்பவள் அவள். அன்றைக்கு அதைச் சொல்ல ஆளில்லை. படத்தில் இல்லாத, அவளுக்குக் கேட்கக் கிடைக்காத அந்தப் பேச்சைத்தான் அவளிடமிருந்து எனக்கென்று வைத்துக்கொண்டிருக்கிறேன். என் வீட்டுக் கதவை யார் தட்டினாலும் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். ஏன் தாமதம் என்று பிறகு கேட்டுக்கொள்ளலாம்.