பவுடர் பூசிய வீடு

பின்கட்டுச் சுவரை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே நகர்கிறார் பெரில் ஹாஸ்கின்ஸ். மறு கையில் ஈரத்துணி. நாலடிக்கு ஒருமுறை ஓசை கெட்டியாகிறது; தலையை ஆட்டிக்கொள்கிறார். இங்கிலாந்தின் லட்லோ நகரில் கம்பளிச் சந்தைத் தெரு ஏழாம் எண் வீட்டை இருபத்தாறு ஆண்டுகளாகத் துடைப்பவர்.

வயது அறுபத்து மூன்று. மேயரும் தபால்காரரும் அவருக்கு ஒன்றுதான், இருவரும் ‘கண்ணு’. பிஸ்கட்டைத் தேநீரில் முக்கி, ஊறி விழும் கணத்துக்குச் சற்று முன்னால் வாய்க்குள் தள்ளுவதில் தனி கர்வம். மழைக்காலத்தில் பின்சுவரில் பழுப்புக் கோடுகள் எழும்பினால், “என்ன, எலும்பு தெரியுது? சாப்பிடலையா?” என்று வீட்டைக் கேட்பார்.

சென்ற ஆண்டு வீடு கிரெஸ்வெல் என்பவரின் கைக்கு மாறியது. செங்கல் முகப்பை மட்டும் வைத்துக்கொண்டு, பின்கட்டை இடித்து அடுக்கு வீடுகள் எழுப்பத் திட்டம். கட்டட வரலாற்று நிபுணர் டாக்டர் ஃபெராபி அறிக்கை தந்திருந்தார்: முகப்பு 1762, பின்கட்டு பிற்காலத்தில் ஒட்டவைத்த சமையல்கூடம், மதிப்பில்லாதது.

நகரமன்றக் கூட்டத்தில் பெரில் வேலை உடுப்போடு எழுந்து நின்றார். முன்பக்க ஜன்னல் மேடைகள் ஒரு கை நீள ஆழம், ஒரு சுவருக்கு முன்னால் இன்னொரு சுவர் நிற்பதுபோல. மாடியில் கொட்டிய தண்ணீர் முகப்பை ஒட்டி அசையாமல் நிற்கும், நாலெட்டு உள்ளே தள்ளினால், அங்கே தரை பழசாகிச் சாய்ந்திருப்பதால், பின்பக்கமாக ஓடும். ஆகவே பின்கட்டுதான் மூத்தது, முகப்பு பிறகு வந்தது என்றார். வாளி தூக்குகிறவரிடம் சரித்திரப் பாடமா என்று கிரெஸ்வெல் கேட்க, மன்றம் சிரித்தது. பெரிலின் காது சிவந்தது. ஆனால் உட்காரவில்லை; ஃபெராபியின் பக்கம் திரும்பினார்.

“முகத்தப் பாத்து வயசு சொல்லிட்டீங்க, கண்ணு. பவுடர் நானுந்தான் போடறேன். பின்சுவத்துல ஒரு சாண் பேத்துப் பாருங்க. ஒண்ணும் இல்லேன்னா நானே பூசித் தர்றேன்.”

ஒரு சாண்தானே என்று மன்றம் சம்மதித்தது.

புதன்கிழமை. பெரில் காட்டிய இடத்தில் கொத்தனார் உளியை வைத்தார். இரண்டாம் அடிக்குக் காரை பொலபொலவென்று உதிர்ந்தது. உள்ளே கரியேறிய ஓக் தூண். பக்கத்தில் சாய்ந்த முட்டு. இரண்டும் சேருமிடத்தில் பழங்காலத் தச்சர் உளியால் கீறிய எண்குறிகள். ஃபெராபி நல்ல கால்சட்டையோடு தூசியில் மண்டியிட்டு, குறிகளை ஒவ்வொன்றாக விரலால் தடவினார்.

“மிசஸ் ஹாஸ்கின்ஸ், நான் பின்பக்கம் வந்தே பாக்கல,” என்றார் கடைசியில்.

“அது தெரியும், கண்ணு.”

மரத்தின் வளையங்களை எண்ணிப் பார்த்ததில் அது வெட்டப்பட்ட ஆண்டு 1468 என்று வந்தது. முகப்பைவிட ஏறக்குறைய முன்னூறு வயது மூப்பு. இடிக்கும் அனுமதி ரத்தானது. அன்று மாலை தெருவே கூடி பெரிலுக்கு சைடர் என்ற ஆப்பிள் மது வாங்கிக் கொடுத்தது. மதுக்கடை மேசைமேல் ஏறி நின்று அவர் பாடினார், சுருதி எப்படியோ, குரல் தெருக்கோடிவரை கேட்டது.

அடுத்த மாதம் ஃபெராபி பன்னிரண்டு மாணவர்களோடு வந்து மணியடித்தார். கதவைத் திறந்தவர் பெரில். வாசற்படியிலேயே வீட்டின் வரலாற்றை ஆரம்பித்துவிட்டார் டாக்டர். பெரில் அவருடைய சேறு படிந்த காலணியைப் பார்த்தார். பிறகு ஆள்காட்டி விரலால் கால்மிதியைக் காட்டினார்.