மணல் அடைத்த பைப்

என் சித்தப்பாவுக்கு வண்டி ஓட்டத் தெரியும். அது ஒன்றுதான் தெரியும். மற்ற எதிலும் அவருக்கு அறிவு கிடையாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் எங்கள் சொந்தக்காரர்கள் இன்றைக்கும் அவரைப் பெரிய வீரர் மாதிரிப் பேசுகிறார்கள். கல்யாண வீடுகளில் பந்திக்குக் காத்திருக்கும்போது அந்த வண்டிக் கதையைச் சிரித்துக்கொண்டே சொல்கிறார்கள். அந்த வண்டி உருவானபோது கூடவே இருந்தவள் நான். சிரிக்க அதில் கொஞ்சம்தான் இருந்தது. அதையும் சொல்கிறேன்.

எண்பதுகளின் நடுவில், எனக்கு ஒன்பது பத்து வயது இருக்கும்போது, நாங்கள் பம்மலில் இருந்தோம். தாத்தா விற்றது போக மிஞ்சிய மனையில் முன்பக்கம் எங்கள் வீடு, பின்பக்கம் தகர ஷீட் போட்ட சித்தப்பாவின் ஷெட். அப்பா தாம்பரத்தில் ஓர் ஆபீசில் கணக்கு எழுதினார். சித்தப்பா அப்பாவின் தம்பி, கல்யாணம் ஆகாதவர், கார் மெக்கானிக். சாப்பாடு எங்கள் வீட்டில், படுக்கை ஷெட்டில்.

அந்த வண்டி ஒரு ஸ்டேஷன் வேகன். சாமான் ஏற்றுவதற்காகப் பின்பக்கத்தை நீளமாக இழுத்துவிட்ட பழைய கார். பக்கத்தில் இருந்த ஒரு தோல் கம்பெனியில் ஈரத் தோல் ஏற்றியே அதன் தரை இற்றுப்போய், கழித்துப் போட்டதைச் சித்தப்பா ரிப்பேர் கூலிக்குப் பதிலாக எடுத்துக்கொண்டு வந்தார். எத்தனை முறை கழுவினாலும் வாடை போகவில்லை. தெரு நாய்கள் எல்லாம் அதைச் சுற்றியே படுத்துக் கிடந்தன. இரண்டு மாதம் அது ஷெட்டில் சும்மா நின்றது. பிறகு சித்தப்பா அதில் ராலிக்குப் போகப்போவதாகச் சொன்னார்.

ராலி என்பது வட்டமடித்து ஓடும் பந்தயம் இல்லை. மண் ரோட்டிலும் மலை ரோட்டிலும் குறித்த நேரத்துக்குள் குறித்த இடத்தைத் தொட வேண்டும். ஓட்டுகிறவர் ஒருவர், பக்கத்தில் உட்கார்ந்து வழியும் நேரமும் கணக்குப் போட்டுச் சொல்கிறவர் ஒருவர். பட்டணத்துப் பணக்காரப் பையன்கள் புது வண்டியோடு வருவார்கள். அவர்கள் நடுவில் நன்றாக ஓட்டிக் காட்டினால் ஏதாவது ஒரு கம்பெனிக்காரன் பார்த்து, தன் வண்டியைக் கொடுத்து ஓட்டச் சொல்வான் என்று சித்தப்பா நம்பினார். அந்த நம்பிக்கையைக் குறை சொல்ல மாட்டேன். க்ரீஸில் ஊறிக்கிடக்கிறவனுக்கு வேறு என்ன வழி இருந்தது?

வேலை ஆரம்பித்தது. எடை குறைய வேண்டும் என்று பின் சீட்டைக் கழற்றினார். கதவுகளின் உள்பக்க அட்டையைக் கழற்றினார். பின் கண்ணாடிகளைக் கழற்றி ஓட்டைகளைத் தகரத்தால் அடைத்தார். எஞ்சினுக்கு அடியில் கல் அடிக்காமல் இருக்கத் தார் ட்ரம்மை வெட்டித் தட்டையாக்கிப் போட்டார். விளக்குகள் ஒரு உடைந்த லாரியுடையவை. சீட் பெல்ட்டைத் தோல் கம்பெனியில் தைக்கிறவரிடம் கொடுத்து எருமைத் தோலில் தைத்து வாங்கினார். அது மாட்டுக்குப் பூட்டுகிற வார் மாதிரி இருந்தது. ஒவ்வொன்றும் முடிந்ததும் தெருவே வந்து பார்க்கும். நானும் என் கூட்டாளிகளும் காலி வண்டிக்குள் ஏறி ஓடி விளையாடுவோம்.

பிறகு கூண்டு. வண்டி உருண்டால் கூரை தலையில் இறங்காமல் இருக்க, உள்ளே பைப்பை வளைத்துக் கூண்டு மாதிரி வைக்க வேண்டும் என்பது சட்டம். அதற்கென்று கனமான பைப் உண்டு. சித்தப்பா வாங்கி வந்தது கட்டில் செய்கிற பைப். ஜன்னல் கிரில் அடிக்கிற ஒருவர் அதை வளைத்துக் கொடுக்க ஷெட்டுக்கு வந்தார். பைப்பைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கீழே போட்டார்.

“இன்னாண்ணா இது, கட்டில் பைப்பு. இத்தப் போயி காருக்குள்ள வெக்கச் சொல்றியே. உள்ள கொசுவலை கட்டிகினு படுக்கப் போறியா?”

“நீ மடக்கிக் குடுறா,” என்றார் சித்தப்பா. “கவுந்தாத்தானே பைப்பு வேணும். நான் எதுக்குக் கவுக்கப் போறேன்?”

பைப்பை அப்படியே வளைத்தால் வளைகிற இடத்தில் நசுங்கிவிடும். அதனால் உள்ளே காய்ந்த மணலைக் கெட்டித்து, இரண்டு முனையிலும் மரக்கட்டை அடித்து, சூடுகாட்டி வளைப்பார்கள். வளைத்து முடித்ததும் கட்டையைப் பிடுங்கி மணலைக் கொட்டிவிட வேண்டும். கிரில்காரர் கொட்டினார். சித்தப்பா வெறும் பைப்பை ஸ்பேனரால் தட்டினார். கோயில் மணி மாதிரிக் கணீரென்றது. அவர் முகம் மாறிவிட்டது. ராலிக்கு முன்னால் வண்டியைச் சோதிக்கிறவர் ஒவ்வொரு பைப்பையும் தட்டித்தான் பார்ப்பார் என்று யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள்.

கொஞ்ச நேரம் பீடி பிடித்தார். பிறகு கொட்டிய மணலைத் திரும்ப அள்ளி பைப்பில் போட்டுக் கெட்டித்து, முனைகளைத் தகரம் வைத்து வெல்டிங் அடித்து மூடச் சொன்னார். இப்போது தட்டினால் டொப்பென்று கனமாகச் சத்தம் வந்தது. ஷெட்டில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். கிரில்காரரும் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். மணல் போட்டதால் பைப் உண்மையிலேயே கெட்டியாகிவிட்டது என்று நான் நினைத்தேன். சித்தப்பாவும் போகப்போக அப்படியே நம்ப ஆரம்பித்துவிட்டார் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். பெரிய மனிதர், தான் பண்ணிய ஏமாற்று வேலையில் தானே ஏமாந்தார். கழற்றிக் குறைத்த எடையைக் கொண்டுபோய் வண்டியின் உச்சந்தலையில் ஏற்றிவைத்திருக்கிறோம் என்பதுகூட அவருக்கு உறைக்கவில்லை.

பக்கத்தில் உட்கார ஆள் வேண்டும். சித்தப்பாவின் கூட்டாளிகள் ஒவ்வொருவராக நழுவினார்கள். கடைசியில் சித்தப்பா அப்பாவிடம் வந்தார்.

“ண்ணா, நீதான் வரணும். நீ மனசுலயே கணக்குப் போடுவே. அவனுங்கள்லாம் மிஷின் வெச்சிகினு தட்டிகினு கெடப்பானுங்க.”

அப்பா மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். ஆபீசில் அவரை யாரும் எதற்கும் கூப்பிட்டதில்லை. வீட்டிலும் அவர் கருத்தை யாரும் கேட்டதில்லை, நான் உட்பட. அன்று இரவு அவர் இரண்டு தடவை சாதம் வாங்கிச் சாப்பிட்டார்.

அவருக்கு பஸ்ஸில் போனாலே வாந்தி வரும். திருநீர்மலை ஏரிக்கரை மண் ரோட்டில் பழகிப் பார்க்கப் போனபோது, வாயில் உப்பு நார்த்தங்காயை அடக்கிக்கொண்டு, மடியில் பரீட்சை அட்டையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நானும் பின்னால் கூண்டுப் பைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். லெஃப்ட், ரைட் என்று சொல்லச் சொன்னால் பதற்றத்தில் அப்பாவுக்கு அது மாறிப்போனது. அதனால் அவர் தன் பாஷைக்கே வந்துவிட்டார். “சோத்தாங்கை. நூறு கஜம் போயி பீச்சாங்கை. பள்ளம்டா, பள்ளம்.” ஏரிக்கரையில் மாடு மேய்த்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சித்தப்பா சிரிப்பை அடக்கிக்கொண்டு ஓட்டினார். ஆனால் அப்பா சொன்ன நேரத்துக்குச் சரியாகப் போய் நின்றது வண்டி. ஒவ்வொரு தடவையும். கரையில் இறங்கி வாந்தி எடுத்துவிட்டு வந்து, அப்பா மறுபடி ஏறி உட்கார்ந்தார். நான் சொன்ன சிரிப்பு இவ்வளவுதான்.

கிளம்புகிற அன்று காலையில் வண்டியைத் திருநீர்மலை அடிவாரத்தில் நிறுத்திப் பூஜை போட்டார்கள். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தார்கள். கூண்டுக்குத் துளசி மாலை கட்டினார்கள். அம்மா எதிலும் கலந்துகொள்ளாமல் தள்ளி நின்றிருந்தாள். எல்லாம் முடிந்தபின் வண்டியின் பக்கத்தில் வந்து, அப்பா உட்காரும் பக்கத்துப் பைப்பைத் தொட்டுப் பார்த்தாள்.

“இது தாங்குமாப்பா?”

சித்தப்பா ஸ்பேனரை எடுத்து ஓங்கித் தட்டினார். டொப்.

“கேட்டுக்கோ அண்ணி. இன்னா கெட்டி பாத்தியா. ஆனை ஏறி நின்னாலும் ஒண்ணும் ஆவாது.”

“ஆனை ஏற வேணாம்,” என்றாள் அம்மா. “உங்க அண்ணன் போன மாதிரியே முழுசா வூடு வந்து சேந்தா போதும்.”

சித்தப்பா அவள் தலையில் அடித்துச் சத்தியம் பண்ணப் போனார். அவள் கையைத் தட்டிவிட்டாள்.

அங்கிருந்து பட்டணத்துக்குப் போய் வண்டியைச் சோதனைக்குக் காட்டினார்கள். சோதிக்கிறவரும் தட்டிப் பார்த்தார், தலையாட்டினார், ஸ்டிக்கர் ஒட்டினார். இதைச் சித்தப்பாவே ஒரு தெரிந்தவர் கடைக்குப் போன் பண்ணி, வீட்டில் சொல்லச் சொல்லிப் பெருமையாகத் தகவல் கொடுத்தார். அதற்குப் பிறகு அந்தக் கடைக்கு வந்த போன் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தது.

மலை ரோட்டில்கூட இல்லை. மலைக்கு முன்னாலேயே, கம்பு விதைத்திருந்த சமநிலத்தை ஒட்டிய ஒரு வளைவில் பின்பக்கம் வழுக்கி, வண்டி ஒரே ஒரு முறை உருண்டு நிமிர்ந்து நின்றிருக்கிறது. பள்ளம் இல்லை, மரம் இல்லை. நல்ல கூண்டு இருந்திருந்தால் இறங்கி வேட்டியைத் தட்டிக்கொண்டு நடந்து வந்திருப்பார்கள். சித்தப்பாவுக்கு நெற்றியில் ஒரு கீறல். அப்பா பக்கத்தில் பைப் வளைந்த இடத்தில் மடிந்து பிளந்து, கூரை அவர் தலைமேல் இறங்கிவிட்டது. எருமைத் தோல் பெல்ட் அறுந்திருந்தால் அவர் கீழே சரிந்தாவது போயிருப்பார். அது அறுந்துபோகவில்லை. இறங்கிய கூரைக்குக் கீழே அவரை நிமிர்த்தி உட்காரவைத்துப் பிடித்துக்கொண்டிருந்தது.

வண்டியை லாரியில் கொண்டுவந்து ஷெட் வாசலில் இறக்கினார்கள். அப்பாவின் சீட் முழுக்க மணல். பரீட்சை அட்டையின் கிளிப்பில் மணல். கிரில்காரர் வந்து பார்த்தார். மடிந்த பைப்பை விரலால் தடவிவிட்டுப் போய்விட்டார். சொந்தக்காரர்கள் வந்து விதி என்றார்கள். பைப் கடையில் நின்று எது சல்லிசு என்று கேட்டது விதியா? அன்றைக்கு யாரும் அதைக் கேட்கவில்லை. இன்றைக்குக் கல்யாண வீட்டில் நான் கேட்டால் பேச்சை மாற்றுகிறார்கள்.

கழுத்துக்குக் கீழே அப்பாவுக்கு எதுவும் அசையவில்லை. மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு, இதற்குமேல் செய்ய ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். முன் அறையில் கட்டிலைப் போட்டுப் படுக்கவைத்தோம். அவர் நல்ல உடம்புக்காரர். அம்மா ஒல்லி. படுத்தே கிடந்தால் முதுகு புண்ணாகிவிடும், சில மணிக்கு ஒருமுறை புரட்டிப் போட வேண்டும் என்று நர்ஸ் சொல்லி அனுப்பியிருந்தார். அம்மா நெஞ்சோடு அணைத்துத் தூக்குவாள், நான் காலைப் பிடிப்பேன். பாதியில் இருவரும் அவர்மேலேயே விழுவோம். அப்பா கண்ணை மூடிக்கொள்வார்.

அதுவரை சித்தப்பா எங்கள் கண்ணிலேயே படவில்லை. சேலையூரில் யார் வீட்டிலோ ஒளிந்திருந்தார் என்றார்கள். ஒரு நாள் மத்தியானம் வந்து கேட்டுக்கு வெளியே உட்கார்ந்துகொண்டார். தாடியும் அழுக்குச் சட்டையுமாக, தலையைத் தூக்காமல். நான் ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன். அவள் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு போய் அவரை அடித்து விரட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். செங்கல் ஒன்றை நானே தேடி எடுத்து வைத்திருந்தேன்.

அம்மா அடுப்படிக்குப் போனாள். தட்டில் சோறு போட்டாள். குழம்பு ஊற்றினாள். அப்பளம் பொரித்திருந்தது, அதையும் வைத்தாள். கேட்டைத் திறந்து தட்டை அவர் முன்னால் வைத்தாள்.

“சாப்டு. சாப்டுட்டு கையக் கழுவிகினு உள்ள வா. உங்க அண்ணன பொரட்டிப் படுக்க வெக்கணும்.”

சித்தப்பா தட்டின் முன்னால் உடைந்து அழுதார். அம்மா நின்று பார்த்துக்கொண்டிருந்தாள், அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை. பிறகு வாளியில் தண்ணீர் மொண்டு வந்து அவர் கையில் ஊற்றினாள்.

அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. அம்மாவோடு பல நாள் பேசவும் இல்லை. இப்படியா ஒருத்தி மன்னிப்பாள் என்று எனக்கு ஆத்திரம். அப்பா இறக்கும்வரை பத்து வருஷத்துக்குமேல் சித்தப்பா விடியற்காலையிலும் மத்தியானமும் ராத்திரியும் வந்து அவரைத் தூக்கினார், கழுவினார், புரட்டினார். பெண் கொடுக்க இரண்டு மூன்று பேர் வந்தார்கள். அவர் இந்த வீட்டை விட்டு எங்கேயும் வர மாட்டார் என்று அம்மாவே வாசலில் நின்று பதில் சொல்லி அனுப்பினாள். ஒரு நாள்கூட அவரைத் திட்டவில்லை. ஒரு வேளைகூட அவருக்குச் சோறு போடத் தவறவில்லை. அதை மன்னிப்பு என்றுதான் நான் வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.